நார்த்தூளும் கன்னத்துப் பொட்டும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த நோட்டு வேறு காரியத்துக்காக வாங்கியது. வெப்பம், ஈரம், நிறம், மூன்றையும் தினமும் குறிக்கவேண்டும், அவ்வளவுதான். முதல் பக்கமே அதற்கு உதவாமல் போகிறது.

காலையில் கிட்டுசாமி மாமன் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். குனிந்து பார்த்தேன். பால் ஊற்றாத டீயின் நிறம். அவர் கிணற்றுத் தண்ணீர். அவர் தோட்டம் எங்கள் மஞ்சி மில்லுக்குக் கீழ்ப்புறம், பள்ளத்தில் இருக்கிறது.

தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கிற மில் எங்களுடையது. நாரைத்தான் மஞ்சி என்கிறோம். அது லாரி ஏறிப் போய்விடும். மிஞ்சுகிற தூள் எங்கும் போகாது. மாமனார் இருந்த காலத்திலிருந்து கொட்டிக் கொட்டி இருபதடி உயரத்துக்கு நிற்கிறது. மாடு மோந்துகூடப் பார்க்காது, பத்து வருஷம் ஆனாலும் மக்காது. மழை விழுந்தால் அதிலிருந்து காவி நிறத்தில் சாறு இறங்கும்.

போன வாரம் அதிகாரிகள் வந்தார்கள். அக்டோபர் பதினைந்துக்குள் தூளுக்கு ஒரு வழி செய்து காட்டவேண்டும், இல்லாவிட்டால் மில்லுக்குக் கரண்ட்டைத் துண்டித்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதுதான் சொன்னேன், இதைத் தின்ன ஒன்று இருக்கிறது, சிப்பிக் காளான். அதன் பூசண இழை இந்தத் தூளுக்குள் ஓடி, கெட்டியானதை எல்லாம் கரைத்து, கறுப்பு உரமாக்கிவிடும். கல்லூரியில் இரண்டு வருஷம் இதைத்தானே படித்தேன்.

“அது திங்கிற வரைக்கும் மழ நிக்குமாமா?” என்று கேட்டார். சிரித்தார் என்பதால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

முதல் படுக்கை போட்டாயிற்று. தூளை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, காளான் வித்தைத் தூவி, மேலே தூள், அதன்மேல் யூரியா, மறுபடி தூள். இடுப்பு உயரம். நனைத்து விட்டோம். வெப்பம் 29.

கூட நின்றது மயிலக்கா. மில்லில் நார் உலர்த்துகிறவர், இப்போது எனக்குத் துணைக்கு. வித்துப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “சோளத்துல பூசணம் புடிச்சுக் கெடக்குது. இதுக்குத்தானுங்களா கோயமுத்தூருக்குப் போயி நின்னீங்க? எங்கூட்டு மூட்டையில கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனுங்க” என்றார்.

ஆய்வகப் பழக்கத்தில் மூக்கில் துணி கட்டிக்கொண்டேன். அவருக்கும் கட்டிவிட்டேன். திருடப் போகிறவர்கள் மாதிரி இருக்கிறோம் என்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

தோப்புக் கோடியில், மர நிழலில் போடலாம் என்று அவர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. சமையல்கட்டுக்குப் பின்னாலிருக்கிற பழைய கொட்டகைதான் சரி என்றேன். பாப்பாவையும் பார்க்கவேண்டும், படுக்கையையும் பார்க்கவேண்டும். எனக்கு இருப்பது இரண்டு கண்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெப்பம் 38. ஈரம் போதும்.

நேத்ராவுக்குத் தொட்டிலைக் கொட்டகை விட்டத்திலேயே கட்டிவிட்டேன். பதினான்கு மாதம். தவழ்ந்து எங்கே போய்விடுவாளோ என்று வீட்டுக்குள் ஓடி ஓடிப் பார்க்கவேண்டியிருந்தது, இனி இல்லை. மட்டை ஏற்றி வருகிற டிரைவர்கள், உலர்த்துகிற பெண்கள் எல்லாரும் தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். அத்தனை கண்ணும் படும், பொட்டைப் பெரிதாக வையுங்கள் என்றார் மயிலக்கா. எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எட்டணா அகலத்துக்கு மையை இழைத்துக் கன்னத்தில் வைத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வெப்பம் 47. கையை நுழைத்தால் சுடுகிறது. உள்ளே வெள்ளை இழை ஓட ஆரம்பித்துவிட்டது. படுக்கையின் ஓரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன், பஞ்சு பிரித்த மாதிரி. வாசனை மாறியிருக்கிறது. பழைய மட்டை நாற்றம் போய், மழை விழுந்த தரை மாதிரி.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஐந்து வருஷத்தில் என்னை அவர் இப்படிப் பார்த்ததில்லை. “படிச்சது வீணாப் போகலீங்” என்று மயிலக்காவிடம் சொன்னாராம், என்னிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மொட்டு விட்டிருக்கிறது. சாரல் விடாமல் அடிப்பதால் எதிர்பார்த்ததற்கு முன்பே. படுக்கையின் பக்கவாட்டெல்லாம் சாம்பல் நிறத்தில் கொத்துக் கொத்தாக. முதல் பறிப்பை மிளகு போட்டு வறுத்தேன். அவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

மற்றதைப் பறிக்கவேண்டாம் என்று மயிலக்காவிடம் சொல்லிவிட்டேன். அதிகாரிகளுக்குப் படம் எடுத்து அனுப்பவேண்டும். வெறும் தூளைக் காட்டினால் யார் நம்புவார்கள்? பூத்து நின்றால் பார்க்கிறவனுக்கே தெரியும்.

ஆகஸ்ட் 30, சனி

குடைகள் உள்ளங்கை அளவுக்கு விரிந்துவிட்டன. கல்லூரி நினைவில் ஒரு காளானைக் கறுப்பு அட்டைமேல் கவிழ்த்து, டம்ளரால் மூடி வைத்தேன். காலையில் எடுத்தால் அட்டையில் வெள்ளைப் பொடி, குடையின் அடி மடிப்பெல்லாம் கோடு கோடாக அப்படியே பதிந்திருக்கிறது. ஒரு காளான் ஒரு ராத்திரியில் இந்த விதைப்பொடியைக் கோடிக்கணக்கில் உதிர்க்கும். அட்டையை மில் ஆபீஸ் சுவரில் ஒட்டினேன்.

படுக்கையின் நிறம்: அடர் பழுப்பு.

நேத்ராவுக்கு லேசான இருமல். பொட்டு மை சரியில்லை போலிருக்கிறது. காலையில் கறுகறுவென்று வைக்கிறேன், சாயங்காலத்துக்குள் வெளுத்துச் சாம்பல் பூத்துவிடுகிறது. கடை மை.

செப்டம்பர் 2, செவ்வாய்

மயிலக்கா வீட்டிலிருந்து மை கொண்டுவந்தார். அதுவும் வெளுக்கிறது. இருமல் அதிகம்.

செப்டம்பர் 5, வெள்ளி

பொள்ளாச்சியில் குழந்தை டாக்டரிடம் போனோம். நேற்று மதியத்திலிருந்து நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். மூக்கில் முகமூடி வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். என் மடியில் அவள் திமிறினாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். வீட்டில் நாய், பூனை, புறா? இல்லை. பவுடர், ஊதுபத்தி? உண்டு, நிறுத்திவிடுகிறேன் என்றேன். வீட்டுப் பக்கத்தில் பூசணம் பிடிக்கிற மாதிரி ஈரமாக ஏதாவது? இல்லை என்றேன். மஞ்சி மில் இருக்கிறது, தூசி பறக்கும் என்றேன். அவர் மில் என்று எழுதிக்கொண்டார்.

இரண்டாம் படுக்கை போட்டாகிவிட்டது. வெப்பம் 41.

செப்டம்பர் 8, திங்கள்

மதியத்துக்கு மேல் மில்லை ஓட்டவேண்டாம் என்று அவரிடம் கேட்டேன். பாப்பா கொட்டகையில் இருக்கிற நேரம் அது.

கையிலிருந்த மில் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். பிறகு, “மில்லு ஓடாட்டி தூளே வராது. அப்பறம் உன்ற காளானுக்கு என்னத்தப் போடுவ?” என்றார்.

மில் பெரிதா குழந்தை பெரிதா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. எழுந்து போய், மதியம் இரண்டு மணிக்கு மெயின் சுவிட்சை அவரே இறக்கினார். உலர்த்துகிற ஆறு பெண்களும் சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு, பாதி நாளில் வீட்டுக்குப் போனார்கள். போகும்போது யாரும் தொட்டிலை எட்டிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

சாக்கை நனைத்துக் கொட்டகையின் மில் பக்கம் திரை கட்டினேன். ஒரு நாளைக்கு நான்கு தரம் நனைக்கிறேன். அந்தப் பக்கத்துத் தூசி ஒரு பொட்டு உள்ளே வராது.

இருமல் குறையவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

தொட்டில் கயிற்றைத் துடைத்தேன். துணியில் வெள்ளையாக வந்தது. மில் தூசி காவியாக இருக்கும்.

செப்டம்பர் 17, புதன்

நேற்றைய வரிகளுக்குப் பிறகு எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். தேவையில்லாதது.

வெப்பம்: முதல் படுக்கை 36, இறங்குகிறது. இரண்டாவது 46. நிறம்: முதல் படுக்கை கறுப்பாகி வருகிறது. கிள்ளி நீரில் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் வெளுத்த மஞ்சள்தான். கிட்டுசாமி மாமன் குடத்து நிறம் இல்லை. இது வேலை செய்கிறது. இன்னும் நான்கு வாரம் போதும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நான்கு நாள் திருப்பூரில் இருந்தோம். அக்கா புது வீடு பால் காய்ச்சினாள். நேத்ரா ஒரு தரம்கூட இருமவில்லை. தரையெல்லாம் தவழ்ந்து, அக்கா மாமியாரின் செருப்பைக் கடித்து, ராத்திரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். மில் தூசி இல்லாத ஊர் என்று அக்காவிடம் சொன்னேன். பனியன் கம்பெனிப் பஞ்சு பறக்கிற ஊர்டி இது என்றாள்.

அக்கா வீட்டு மை நல்ல மை. காலையில் வைத்தது சாயங்காலம் வரை அப்படியே கறுப்பாக இருந்தது. டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

அக்கா கொடுத்த மையும் வெளுக்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. நேற்றே மில்லை நிறுத்தி, மிஷினையெல்லாம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டார்கள். தூசி என்று ஒரு சிட்டிகை இல்லை. படுக்கையைக் கிளறுகிற என் முள் கொத்துக்கும் வெப்பமானிக்கும் மயிலக்கா சந்தனம் வைத்தார். காளானுக்கும் வைத்துவிடட்டுமா, அதுதானே ராத்திரி பகலாக வேலை செய்கிறது என்றார். வீடு நிறைய ஆள், அதனால் பாப்பா காலையிலிருந்து கொட்டகைத் தொட்டிலில்தான். காளானில் மூன்றாம் பூப்பு விரிந்து நிற்கிறது. பொரி கொடுக்க வந்தவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நாலரை மணிக்கு அவளைத் தூக்கினேன். அழவில்லை. அழுவதற்கு மூச்சு இல்லை. விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி.

அவர் வண்டியை எடுத்தார். கிணத்துக்கடவு தாண்டும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. “இன்னிக்கி மில்லே ஓடலியே” என்று அவர் ஒரே ஒரு தரம் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

அக்டோபர் 2, வியாழன். பொள்ளாச்சி ஆஸ்பத்திரி

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, பிறகு இங்கே ஒட்டியிருக்கிறேன்.

முகமூடி வழுக்குகிறது என்று நர்ஸ் அவள் கன்னத்தைப் பஞ்சால் துடைத்தாள். “ஏங்க, இளைப்பு இருக்கிற கொழந்தைக்குப் பவுடரே ஆகாதுன்னு சொல்லியிருப்பாங்களே. பொட்டு மேல எதுக்குப் போடறீங்க?”

பவுடரை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது.

பஞ்சைக் கையில் வாங்கி ஜன்னலுக்குப் பக்கத்தில் போனேன். கறுப்பு மையின் மேலே வெள்ளையாக, மாவு சலித்த மாதிரி ஒரு படிவு. மில் ஆபீஸ் சுவரில் நான் ஒட்டி வைத்திருக்கிறேனே, அந்த அட்டையில் இருப்பதும் இதேதான். அட்டையில் ஒரு ராத்திரி விழுந்தது. என் குழந்தையின் கன்னத்தில் ஒரு மாதமாக விழுந்திருக்கிறது. கன்னத்தில் ஒட்டியது இவ்வளவு என்றால் உள்ளே போனது எவ்வளவு?

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன், படுக்கை, காளான், தொட்டில் எல்லாவற்றையும். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இத மொத நாளே கேட்டனேம்மா.”

ஆமாம் என்றேன்.

“நீங்க படிச்சவங்க.”

பஞ்சை அவர் மேசையில் வைத்தேன்.

அக்டோபர் 4, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். உறிஞ்சு மருந்து ஆறு மாதமாவது தொடரவேண்டும். நுரையீரல் தேறிவிடும், சின்ன வயசு என்கிறார்கள். காளான் பொடி இருக்கிற இடத்துக்கு அவளைக் கொண்டுபோகவே கூடாது. நானும் அந்த உடுப்போடு அவளைத் தொடக்கூடாது.

அவரிடம் சொன்னேன். மில் தூசி இல்லை, என் படுக்கைதான் என்றேன். முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“மில்ல நிறுத்தச் சொன்னியே. அப்பத் தெரியுமா உனக்கு?”

“தெரியாதுங்.”

அது உண்மை. எட்டாம் தேதி தெரியாது. அவர் கேட்டது அந்தத் தேதியை மட்டும்தான். நானும் அதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

அதே நாள்

எழுந்து வந்து மறுபடி எழுதுகிறேன். கிழித்த பக்கத்தில் இருந்தது இதுதான்:

“செப்டம்பர் 16. கயிற்றில் இருப்பது காளான் பொடி. காளான் கொட்டகையில் வேலை செய்கிறவர்களுக்கு இதனால் மூச்சுக் கோளாறு வரும் என்று இரண்டாம் வருஷம் மேடம் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் மூக்கில் துணி கட்டச் சொல்வார். நான் எனக்குக் கட்டினேன். மயிலக்காவுக்குக் கட்டினேன். தொட்டிலை அவிழ்க்கவேண்டும். அவிழ்த்தால் யார் பார்த்துக்கொள்வார்கள், படுக்கை என்ன ஆகும், நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடுமே. நாளை யோசிக்கலாம்.”

அந்த நாளைக்குப் பிறகு பதினைந்து நாள். அதில் மில் ஓடிய நாளெல்லாம் ஆறு பெண்களும் பாதி வேலையோடு திரும்பிப் போனார்கள். அவர் வாயைத் திறக்காமல் சுவிட்சை இறக்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நோட்டை இதே பக்கத்தில் திறந்து, மில் ஆபீஸ் மேசையில் வைக்கப் போகிறேன். மேலே சாவிக்கொத்தை வைத்தால் காற்றில் புரளாது.

அக்டோபர் 5, ஞாயிறு

நோட்டு அதே இடத்தில் இருந்தது. சாவிக்கொத்து இல்லை.

ஆறு மணிக்கே டிராக்டர் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். கொட்டகையிலிருந்த இரண்டு படுக்கையையும் அவரே மண்வெட்டியால் சரித்து, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தார். காளானை எல்லாம் மயிலக்கா முதலிலேயே பறித்து, சாக்கில் கட்டி வைத்திருந்தார். விட்டத்தில் தொட்டில் கயிறு இல்லை. அறுத்திருந்தார்கள், அவிழ்க்கவில்லை.

என்னென்னவோ எதிர்பார்த்து நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“மூக்குல துணியக் கட்டிட்டு வா. தோப்புக் கோடிக்குக் கொண்டு போறேன். எப்படி அடுக்கோணும்னு நீதான் சொல்லோணும்.”

போனேன். பகல் முழுக்க நான் சொல்லச் சொல்ல அவர் அடுக்கினார். மயிலக்காவின் மகள் மூடிய அறையில் பாப்பாவை வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 6, திங்கள்

மதியம் இரண்டு மணிக்கு மில் நிற்கவில்லை. சாயங்காலம் வரை ஓடியது. உலர்த்துகிற களத்தில் ஆறு பேரும் இருந்தார்கள். நானே போய், மில் பேரில் தப்பில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒருத்தி மட்டும், “கொழந்த நல்லா இருந்தாச் சேரி போங்க” என்றாள். மற்றவர்கள் நாரைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 11, சனி

மொட்டு விட்டால் விரிவதற்குள் கிள்ளிவிடுகிறோம், காலையும் மாலையும். வெப்பம் 31.

சுவரிலிருந்த அட்டையை எரித்தேன்.

அக்டோபர் 15, புதன்

அதிகாரிகள் இருவர் வந்தார்கள். கூடவே கிட்டுசாமி மாமன், மறுபடி ஒரு குடம் தண்ணீரோடு. பழைய தூள் அம்பாரத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, அதை மறைக்கமுடியாது. கறுப்பான உரத்தில் ஒரு பிடியும் பழைய தூளில் ஒரு பிடியும் எடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளரில் போட்டு நீரூற்றினேன். பழைய தூள் டீ, உரம் வைக்கோல் கழுவிய நீர். அதிகாரி எழுதிக்கொண்டார். அம்பாரத்தைச் சுற்றிக் கரை கட்டி, சாறு வெளியேறாமல் நிறுத்தினால் மூன்று மாதம் தவணை என்றார்.

காளான் இவ்வளவு சீக்கிரம் தின்னுமா, ஆபத்து எதுவும் இல்லையே என்று இன்னொருவர் கேட்டார். இருக்கிறது என்றேன். குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது, விரியவிடக்கூடாது, மூக்கைக் கட்டவேண்டும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார்.

எல்லாரும் போனபிறகு கிட்டுசாமி மாமன் வைக்கோல் நிற டம்ளரை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எங்கெணறு எப்பத் தெளியும் அம்மணி?”

இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தால் ஒரு தேதி சொல்லியிருப்பேன்.

“தெரியலீங் மாமா. ரெண்டு மூணு மழை போகோணும். தெளியாமலும் போகலாமுங்.”

தலையாட்டினார். குடத்துத் தண்ணீரைப் புதுப் படுக்கையின் மேல் ஊற்றிவிட்டு, வெறுங்குடத்தோடு போனார்.

அக்டோபர் 18, சனி

தோப்பிலிருந்து வந்ததும் நேராகக் குளியலறை. நேத்ரா சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறாள். மூன்று நாளாகத்தான் நடக்கிறாள். இரண்டு கையையும் நீட்டுகிறாள். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொள்ளவேண்டியிருக்கிறது. தலைக்கு ஊற்றி, வேறு சேலை மாற்றி வருகிற வரைக்கும் கதவை அறைந்து அழுகிறாள். இன்று அவர் வந்து அவளைத் தூக்கிக்கொண்டார். “அம்மா வருவா, கொஞ்சம் பொறு” என்று சொன்னது தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே கேட்டது. ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னைப் பற்றி அவர் பேசியது.

காலையில் வைத்த பொட்டைப் பார்க்காமல் அவளைக் கையில் வாங்குவதில்லை. இப்போது அது கண்ணேறுக்கு இல்லை. வெளிச்சத்துக்கு நேராக முகத்தைத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

கறுப்பாக இருந்தது.